முதுகுக்குப் பின்னால் நடந்த ஆட்டம்

டென்னிஸ் கோர்ட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தே என் வேலைக்காலம் முழுவதும் போனது. ராக்கெட்டுக்கு நரம்பு போடுவது என் தொழில். எங்கள் ஊர் அரிமளத்தில் யாராவது, "ஒங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாத்தாரு?" என்று கேட்டால், என் மனைவி சரோஜா, "பேட்டுக்குக் கட் போட்டுக்கிட்டிருந்தாரு" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவாள். கேட்டவர்களும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

நான் நரம்பு போட்டது டிவியில் வரும் பெரிய ஆட்டக்காரர்களுக்கு இல்லை. உலகத் தரவரிசையில் நானூறு, எண்ணூறு என்று எங்கோ கிடந்துகொண்டு, எப்படியாவது மேலே ஏறிவிட வேண்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறவர்களுக்கு. அவர்கள் ஆடும் போட்டிகளில் கீழ்ப்படி ஃபியூச்சர்ஸ். அதற்கு அடுத்த படி சாலஞ்சர். சாலஞ்சரில் கால் ஊன்றினால்தான் வெளியுலகம் பெயரைக் கேட்கும். பெரும்பாலானவர்கள் அந்தப் படியில் கால் வைப்பதற்குள் வயதாகி வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். சென்னை, பெங்களூரு, புனே, மதுரை, திருச்சி என்று இந்தப் போட்டிகள் எங்கே நடந்தாலும் ஒரு ஷாமியானா ஓரத்தில் நரம்பு இழுக்கும் எங்கள் மெஷின் இருக்கும்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகுதான் டென்னிஸை ஒழுங்காகப் பார்க்கவே ஆரம்பித்தேன். சாலஞ்சர் ஆட்டங்களை இப்போது போனிலேயே காட்டுகிறார்கள். இத்தாலியில் ஏதோ ஒரு சின்ன ஊர், சுற்றிலும் காலி நாற்காலி, அங்கங்கே நாலைந்து பேர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். "அவங்களே பாக்கல, ஒங்களுக்கு என்னங்க?" என்பாள் சரோஜா. அவளுக்கு எப்படிச் சொல்வது? அத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால் இதுதான் நடந்துகொண்டிருந்ததா என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த கார்த்திக் இப்போது பெரிய போட்டிகளுக்கெல்லாம் போகிறான். அவனிடம் புதிதாகச் சில பையன்கள் சேர்ந்திருக்கிறார்கள். "அண்ணே, திருச்சி ஃபைனல்ல ஒரே மெஷின வச்சுக்கிட்டு ரெண்டு பேருக்கும் போட்டீங்கள்ல, அத எழுதிக் குடுங்கண்ணே, பசங்களுக்குக் காட்டணும்" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் தட்டிக் கழித்து வந்தேன். அந்தக் கதையில் ஒரு பகுதி, நான் வெளியே சொல்லக் கூடாததாக இருந்தது. போன மாதத்திலிருந்து சொல்லலாம் என்று ஆகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

தொழில் கற்றதைப் பற்றி அதிகம் இல்லை. பள்ளிக்கூடம் முடித்துவிட்டுத் திருச்சியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் சேர்ந்தேன். ஷட்டில் பேட்டுக்கு நரம்பு போடப் பழகினேன். ஒரு டென்னிஸ் போட்டிக்கு ஆள் போதாமல் கடையிலிருந்து என்னை அனுப்பினார்கள். அங்கே தலைமை ஸ்ட்ரிங்கராக வந்திருந்தவர் பெரைரா சார், சென்னைக்காரர். நான் நரம்பு போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "கை நல்லாருக்கு. வாய் எப்படி?" என்றார். எனக்குப் புரியவில்லை. பேசாமல் நின்றேன். "இதுவும் நல்லாருக்கு" என்று சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டார்.

சார் குள்ளமான மனிதர். எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தப்பு செய்தால் திட்ட மாட்டார். அந்த ராக்கெட்டை நம் கையிலிருந்து மெதுவாக வாங்கி, நரம்பை வெட்டி, திரும்ப நம்மிடமே கொடுப்பார். திட்டு வாங்குவதே மேல் என்று இருக்கும். பழைய நரம்பை வெட்டுவதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. ஓரத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. நடுவில் ஆரம்பித்து வெளியே போக வேண்டும், அப்போதுதான் இழுவிசை எல்லாப் பக்கமும் சமமாக இறங்கும், ராக்கெட்டின் சட்டம் கோணாது. முதலில் நெடுக்கு நரம்பு, பிறகு குறுக்கு. ஒவ்வொரு குறுக்கு நரம்பையும் மேல் கீழ் மேல் கீழ் என்று பாய் முடைவதுபோல நுழைத்து, இழுத்து, நேராக்கி, அடுத்தது. நடுவில் யார் கூப்பிட்டாலும் நிமிரக் கூடாது.

இதெல்லாம் உலகம் முழுக்க எல்லா ஸ்ட்ரிங்கரும் செய்வதுதான். சாருக்கென்று தனியாகச் சில சட்டங்கள் இருந்தன. ஓர் ஆட்டக்காரருக்கு வாரம் முழுக்க ஒரே கை, ஒரே மெஷின். ராக்கெட் வந்த வரிசையில்தான் வேலை, ஆளைப் பார்த்து இல்லை. மெஷினைக் கோர்ட்டுக்கு முதுகு காட்டித்தான் போட வேண்டும். "மேட்ச் பாத்தேன்னு வை, ஒருத்தன உனக்குப் புடிச்சிடும்பா. புடிச்சவனுக்குக் கை ஒரு மாதிரி போவும், புடிக்காதவனுக்கு வேற மாதிரி போவும். உனக்கே தெரியாது" என்பார்.

கடைசிச் சட்டம் வாயைப் பற்றியது. யாருக்கு எத்தனை பவுண்டு இறுக்கத்தில் நரம்பை இழுத்தோம் என்பதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. மெஷின் பக்கத்தில் நின்று ஓர் ஆட்டக்காரரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது அங்கேயே நின்றுவிட வேண்டும். நரம்பைப் பார்த்து நமக்கு என்ன தெரிந்தாலும் அந்த ஆட்டக்காரரிடம்கூடச் சொல்லக் கூடாது. "நாம ஜோசியக்காரனா? நீ ஒண்ணு சொல்லுவே, அவன் சர்வீஸ் போடும்போது அதையே நெனப்பான். அவனா டென்னிஸையே உட்டுட்டு ஒதுங்குற வரைக்கும் நம்ம வாயில பூட்டு."

எத்தனை பவுண்டு என்பதற்கு ஏன் இவ்வளவு ரகசியம் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். இரண்டு பவுண்டு முன்னே பின்னே இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அதற்கும் பதில் கிடைத்தது. மதுரையில் ஒரு போட்டியில் உஸ்பெகிஸ்தான்காரன் ஒருவன், தகுதிச் சுற்றில் ஆடுகிறவன், நான் கொடுத்த ராக்கெட்டை வாங்கி உள்ளங்கையின் அடிப்பகுதியால் நரம்பை ஒரு தட்டுத் தட்டினான். தலையை ஆட்டினான். "குறைவு. ஒரு பவுண்டு" என்று விரலைக் காட்டினான். மெஷினில் அவன் கேட்ட எண்ணைத்தான் வைத்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. சார் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஸ்பிரிங் தராசை எடுத்து வந்து மெஷினில் மாட்டி இழுக்கச் சொன்னார். முள் ஒரு பவுண்டு குறைவாக நின்றது. வெயிலிலோ வண்டியில் குலுங்கியதிலோ மெஷின் இளகியிருக்கிறது.

அன்று ராத்திரி எனக்கு மலைப்பாக இருந்தது. இயந்திரத்துக்குத் தெரியாதது ஒருவன் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கிறது. அவன் மறுநாளே தோற்று ஊருக்குப் போனான். பெயர்கூட இப்போது நினைவில்லை. அவ்வளவு தெரிந்த கைக்கே தகுதிச் சுற்றைத் தாண்ட முடியவில்லை என்றால், மேலே இருக்கிறவர்களுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நானும் கவனிக்க ஆரம்பித்தேன். கோர்ட்டைப் பார்க்கக் கூடாது என்றுதான் சட்டம், நரம்பைப் பார்க்கலாம். பந்து படும் இடத்தில் நெடுக்கு நரம்பும் குறுக்கு நரம்பும் உரசி உரசி ஒன்றையொன்று அரிக்கும். சுமாராக ஆடுகிறவன் ராக்கெட்டில் இந்தத் தேய்மானம் அங்கிட்டும் இங்கிட்டும் சிதறியிருக்கும். நல்ல ஆட்டக்காரனுக்கு ஓர் இட்லி அளவு இடத்தில் இருக்கும். ரொம்ப அபூர்வமாக ஒருவன் ராக்கெட்டில் அது ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஓடிக்கொண்டும் வழுக்கிக்கொண்டும், மூச்சு வாங்கிக்கொண்டும், அத்தனை வேகத்தில் வருகிற பந்தை ஒரு மனிதன் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வாங்கியிருக்கிறான். ஓர் அடியைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த நாணயத்தை விரலால் தடவும்போது மயிர் கூச்செறியும்.

செல்வினை அப்படித்தான் எனக்குத் தெரியும்; தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் பூர்வீகம் ஆவூர். அப்பா திருச்சியில் வாத்தியார். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் ஒருவர் உலகத் தரவரிசையில் இருக்கிறார் என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சாரின் சட்டப்படி அதை வெளியே காட்டவில்லை. முதன்முதலாக ராக்கெட் கொண்டுவந்தபோது அவர் கல்லூரிப் பையன். "எந்த ஊருண்ணே நீங்க? அரிமளமா? அடடே, நம்மூரு" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு எங்கே போட்டி என்றாலும் என்னிடம்தான் கொடுப்பார். மரியாதையான பிள்ளை. தோற்றாலும் வந்து, "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

வருஷம் ஓடியது. அவருக்கு முப்பது தாண்டியது. ஒருகட்டத்தில் அவர் நரம்பில் தேய்மானம் நகர ஆரம்பித்ததைப் பார்த்தேன். நடுவில் இருந்தது மெல்ல மெல்ல ராக்கெட்டின் நுனிப் பக்கம் ஏறியது. பந்திடம் கொஞ்சம் தாமதமாகப் போகிறார் என்று அர்த்தம். கால் வேகம் குறைகிறது. அவருக்கே அது தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. சொல்ல முடியாது. போட்டிக்குப் போட்டி அந்த நரம்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். இப்படி ஓடிய இரண்டு வருஷமும் அவர் ராக்கெட் வந்தாலே எனக்கு மனசு கனத்துப் போகும்.

இன்னொருவன் ஈஷான், நாக்பூர்ப் பையன். வரும்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பேய் அடி அடிப்பான், நரம்பை அறுத்துத் தள்ளுவான். அவனுடைய தேய்மானம் எதிர்த்திசையில் போனது. முதல் வருஷம் தோசை அளவு. அடுத்த முறை இட்லி. அதற்கும் அடுத்த முறை நாணயம். ஒரு மனிதன் வளர்வதை இப்படி ஓர் உள்ளங்கை அகல இடத்தில் பார்க்கக் கிடைத்தது எனக்கு.

இனி திருச்சிக்கு வருகிறேன்.

அது ஃபியூச்சர்ஸ் போட்டி. செல்வினும் வந்திருந்தார், ஈஷானும் வந்திருந்தான். இரண்டு பேரும் என் கைக்குத்தான் வந்தார்கள். முதல் சுற்று முடிந்து செல்வினின் ராக்கெட் வந்தபோது வெட்டப் போன கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். தேய்மானம் நடுவுக்குத் திரும்பியிருந்தது. தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த ஆட்டம், அதற்கடுத்த ஆட்டம், அதே இடம். அவருடைய நல்ல காலத்தில்கூட அவ்வளவு சிறிய புள்ளியை நான் பார்த்ததில்லை. முப்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் தன் வாழ்நாளின் சிறந்த டென்னிஸை ஆடிக்கொண்டிருக்கிறான். அதுவும் எனக்குத்தான் தெரியும். அதையும் சொல்லக் கூடாது.

சனிக்கிழமை அரையிறுதியில் ஜெயித்துவிட்டு வந்தார். ஈஷானும் ஜெயித்திருந்தான். மறுநாள் இறுதி ஆட்டத்தில் இரண்டு பேரும் மோத வேண்டும். செல்வின் ராக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"துபாய்ல ஒரு கிளப்புல கோச் வேலை சொல்லிருக்காங்கண்ணே. திங்கக்கெழம பதில் சொல்லணும். வீட்லயும் எத்தன நாளைக்குப் பொறுப்பாங்க? நாளைக்கு ஜெயிச்சா ரேங்க் ஏறி சாலஞ்சர்ல எடம் கெடச்சிரும், இன்னும் ஒரு வருஷம் ஆடிப் பாப்பேன். தோத்தா கெளம்பிருவேன்."

"சரிங்க தம்பி" என்றேன்.

"நரம்பப் பாத்தாலே ஒங்களுக்குத் தெரியும்னு பசங்க சொல்றாங்க. பாத்துச் சொல்லுங்கண்ணே. நான் இன்னும் ஆடலாமா, போதுமா?"

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் பெரைரா சார். அப்போது அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது, நரம்பு போடுவதில்லை. மேற்பார்வைக்கு மட்டும் வருவார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் அசையவில்லை. பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "காலைல வெள்ளனா ராக்கெட் ரெடியா இருக்கும் தம்பி" என்றேன். செல்வின் சிரித்துவிட்டு, "வாரேண்ணே" என்று போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆவூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். சர்ச்சில் காலைப் பூசை முடிந்த கையோடு கிளம்பி வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் டென்னிஸ் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதல் செட்டில் செல்வின் சர்வீஸைத் தப்பாகப் போட்டாலும் கை தட்டினார்கள். பந்து வலையில் பட்டாலும் தட்டினார்கள். நடுவர் மைக்கில் அமைதியாக இருக்கச் சொன்னதும், "ஏன், வாயையா தொறந்தோம்? கைதான தட்டுனோம்" என்று ஓர் அம்மா கேட்டது எனக்கே கேட்டது.

என்னோடு இருந்த இன்னொரு ஸ்ட்ரிங்கர் முந்தின நாளே தன் மெஷினைக் கட்டிக்கொண்டு அடுத்த போட்டிக்குப் போய்விட்டார். கடைசி நாளில் இரண்டே பேர் ஆட்டம், ஒரு மெஷின் போதும் என்பதுதான் வழக்கம். ஆளுக்கு ஒரு செட் ஆகி, முடிவைச் சொல்லும் மூன்றாவது செட் தொடங்கியது. அப்போது கோர்ட்டு ஆள் ராசு ஓடிவந்து செல்வினின் ராக்கெட் ஒன்றை வைத்தார். நரம்பு அறுந்திருந்தது. செல்வின் கையில் நல்லதாக இன்னொன்று இருந்தது; அதுவும் போனால் என்ன செய்வது என்று இதை அனுப்பியிருந்தார். வெட்டி, மெஷினில் ஏற்றி, நெடுக்கு நரம்பு இழுக்க ஆரம்பித்தேன்.

பாதி நெடுக்கு முடிந்திருக்கும். ராசு மறுபடி ஓடிவந்தார். இந்த முறை ஈஷானுடையது. "அண்ணே, அவருக்கு இதான் கடைசியாம். பையில பிராக்டிஸ் ராக்கெட் ஒண்ணுதான் கெடக்காம். ஒடனே வேணுங்கிறாரு."

அந்தப் பிராக்டிஸ் ராக்கெட் எனக்குத் தெரியும். வாரத் தொடக்கத்தில் நான் போட்ட நரம்பு, அடித்து அடித்துத் தொய்ந்துபோனது. இந்த நரம்பு ஒரு மணி நேரத்திலேயே இளக ஆரம்பிக்கும் ஜாதி. ஆறு நாள் ஆனதில் பந்து பட்டால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதை வைத்துக்கொண்டு இறுதி ஆட்டம் ஆடுவது, அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவதுபோலத்தான்.

அவசரம் ஈஷானுக்கு. வரிசை செல்வினுக்கு. என் ஆசையும் செல்வினுக்கு. சட்டமும் ஆசையும் ஒரே பக்கம் நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் வரிசையைத்தான் பார்க்கிறேனா, ஊர்க்காரரைப் பார்க்கிறேனா? நிமிர்ந்து சாரைப் பார்த்தேன். சாரின் நாற்காலி கோர்ட்டைப் பார்த்துத்தான் கிடந்தது. ஆனால் அவர் கண் என் கையில்தான் இருந்தது.

"எது மொதல்ல வந்துச்சு?" என்றார்.

"செல்வினோடது சார்."

"அப்ப அது முடியட்டும். எப்பவும் போற வேகத்துல போ. கூட்டாத, கொறைக்காத."

போனேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் சாதாரண வேகத்தில் வேலை செய்ததில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. பின்னால் சத்தம் மாறியிருந்தது. நல்ல நரம்பில் பந்து பட்டால் 'டப்' என்று வெட்டினதுபோலக் கேட்கும். ஈஷான் பக்கத்திலிருந்து 'தொப்' என்று கேட்டது. உடனே கோட்டுப் பக்கம் நிற்பவரின் "அவுட்". மறுபடி தொப், மறுபடி அவுட். ஆவூர்க்காரர்கள் தட்டினார்கள். ஈஷான் சர்வீஸ் போட்ட கேமைச் செல்வின் பறித்தார். தன்னுடையதை எளிதாக எடுத்தார். இன்னும் இரண்டு கேம் எடுத்தால் பட்டம். துபாய்க்குப் போக வேண்டியதில்லை.

செல்வினின் ராக்கெட்டை முடித்து ராசுவிடம் கொடுத்தேன். ஈஷானுடையதை ஏற்றினேன். அதே வேகம். நெடுக்கு முடிந்து குறுக்கு நுழைக்கும்போது பின்னாலிருந்து வந்த சத்தம் காதில் உறைத்தது. 'தொப்' அப்படியேதான் இருந்தது, ஆனால் எல்லாத் தொப்பும் ஒன்றுபோல இருந்தது. "அவுட்" நின்றுவிட்டது. அந்தப் பையன் தொய்ந்த நரம்புக்குத் தகுந்தாற்போலத் தன் அடியையே மாற்றிக்கொண்டான். வருஷக் கணக்கில் பழகின வீச்சை, ஆட்டத்தின் நடுவில், தோற்கப் போகிற நேரத்தில், கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டான். ஆவூர்க் கைதட்டல் குறைந்தது. நடுவர் சொன்ன ஸ்கோர் சமமாக வந்து நின்றது.

முடித்தேன். கடைசி முடிச்சை இறுக்கி ராசுவிடம் கொடுத்தேன். போன வேகத்தில் ராக்கெட்டோடு திரும்பி வந்தார்.

"வேணாங்கிறாருண்ணே. இதுவே பழகிருச்சாம்."

சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். மெதுவாக நடந்து என் பக்கம் வந்து நின்று கோர்ட்டைப் பார்த்தார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. என் தோளில் கையை வைத்தார்.

"வேல முடிஞ்சிச்சுப்பா. திரும்பிப் பாரு."

திரும்பினேன். கோர்ட்டுப் பக்கத்தில் அத்தனை வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஓர் ஆட்டத்தை நேராகப் பார்த்தது அன்றுதான்.

எனக்கு முதலில் கண் பிடிபடவில்லை. பந்து தெரியவில்லை. பிறகு செல்வின் தெரிந்தார். பந்து இன்னும் அங்கே வந்திருக்காது, அவர் வந்திருப்பார். காலை ஊன்றி, தோளைத் திருப்பி, பந்து வரும் வரைக்கும் ஒரு நொடி அசையாமல் இருப்பார். அந்த ஒரு நொடிதான் எனக்கு நரம்பில் புள்ளியாகத் தெரிந்தது என்று அப்போதுதான் விளங்கியது. எதிரே அந்தப் பையன். கையில் உதவாத ராக்கெட். முகத்தில் ஒன்றுமில்லை. செல்வின் கோட்டின் மூலைக்கு அடித்ததை எல்லாம் ஓடி எடுத்து உயரமாக, ஆழமாக, நிதானமாகத் திருப்பிக் கொண்டிருந்தான். கடைசி கேம் நீண்டுகொண்டே போனது. ஈஷான் ஜெயிக்க ஒரு பாயிண்ட் என்று வரும். செல்வின் அதை அடித்து அழிப்பார். மறுபடி வரும், மறுபடி அழிப்பார். நான் யார் பக்கம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. பக்கத்தில் சார் மூச்சு விடுகிறாரா என்று தெரியவில்லை.

ஈஷான் ஜெயித்தான். ஆவூர்க்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள், இந்த முறை இரண்டு பேருக்கும். அதற்குள் அவர்களுக்கும் டென்னிஸ் புரிந்துவிட்டிருந்தது.

செல்வின் வந்து ராக்கெட்டுகளை வாங்கினார். முந்தின நாள் கேட்டதை மறுபடி கேட்கவில்லை. "தொஞ்ச ராக்கெட்ட வச்சு அடிச்சுட்டான்ணே" என்று மட்டும் சொன்னார். பிறகு, "வாரேண்ணே." அந்த வாரமே துபாய்க்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஈஷான் வந்தான். கோப்பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். நன்றி சொல்லத்தான் வந்தான் என்று நினைத்தேன். அவன் ஒரு கேள்வி கேட்டான். சாரின் சட்டப்படி பதில் சொல்ல மறுத்தேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

சார் இப்போது இல்லை. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். ஈஷான் சாலஞ்சருக்கு ஏறிவிட்டான். அவன் ஆட்டம் என்றால் அரிமளத்தில் சமையல் தள்ளிப் போகும் அளவுக்கு சரோஜாவும் பழகிவிட்டாள். "ஒங்க நாக்பூரான் இன்னைக்கு ஒழுங்கா ஆடுறானா?" என்று கேட்பாள். துபாயிலிருந்து செல்வின் போன் போடுவார். என் போனில் ஆட்டமும் சரோஜாவின் போனில் வீடியோவில் அவருமாக, இருவரும் சேர்ந்து பார்ப்போம். அவர் அடிகளை விளக்குவார். நான் கேட்டுக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே கேட்பார்: "அன்னைக்கு அந்தத் தொஞ்ச ராக்கெட்டு எத்தன பவுண்டுக்குப் போட்டதுண்ணே?" நானும் ஒவ்வொரு முறையும், "ஈஷான் இன்னும் ஆடுறாருல்ல தம்பி" என்பேன். சிரிப்பார். ஆனால் அந்தத் தொய்ந்த ராக்கெட் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். உதவாத மட்டையால் ஒரு சின்னப் பையன் தன்னை ஜெயித்துவிட்டான், அப்படியென்றால் தான் ஆடினது என்ன ஆட்டம் என்றுதான் அவர் துபாய்க்கே போனார்.

செல்வினும் சட்டப்படி ஆட்டத்தை விட்டிருக்கவில்லை. வேலைக்குப் போன பிறகும் வருஷா வருஷம் ஆட்டக்காரர் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

போன மாதம் ஈஷானுக்கு ஒரு சாலஞ்சர் அரையிறுதி. ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும் இடைவெளியில் செல்வின் சாதாரணமாகச் சொன்னார்: "இந்த வருஷம் பதிவு போடலண்ணே. போதும்னு விட்டுட்டேன்."

சார் போட்ட பூட்டு திறந்துவிட்டது. நான் போனை நேராக வைத்தேன். சரோஜாவைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

"தம்பி, ரெண்டு விஷயம். அன்னைக்குச் சனிக்கெழம கேட்டீங்கள்ல, ஆடலாமான்னு? அந்த வாரம் ஒங்க நரம்புல இருந்த மாதிரி ஒரு புள்ளிய நான் யாரு ராக்கெட்டுலயும் பாத்ததில்ல. இந்த ஈஷானோடதுலயும் பாத்ததில்ல. நீங்க ஆடுனதுலயே அதான் ஒசந்த ஆட்டம்."

அவர் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்தார்.

"இன்னொண்ணு. ஃபைனல் முடிஞ்சு ஈஷான் எங்கிட்ட வந்தாரு. ஒங்க ராக்கெட்டுல என்ன நரம்பு, எத்தன பவுண்டுன்னு கேட்டாரு. இப்படி ஒரு பந்த இதுவரைக்கும் யாருகிட்டயும் வாங்குனதில்ல, அதே மாதிரி எனக்கும் போட்டுக் குடுங்கன்னு கேட்டாரு. ஒங்க ராக்கெட்டத் தொட்டாவது பாக்கலாமான்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். நீங்க இன்னும் ஆடிக்கிட்டிருந்தீங்க."

சரோஜாவின் போனில் செல்வின் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார். இந்தப் போனில் ஈஷான் சர்வீஸ் போட வந்து நின்றான். புது ராக்கெட்டை எடுத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான்.

"என் ராக்கெட்டு எத்தன பவுண்டுன்னு அவன்கிட்ட சொல்லிருங்கண்ணே" என்றார் செல்வின்.

"மேட்ச் முடியட்டும் தம்பி" என்றேன். இரண்டு பேரும் ஆட்டத்தைப் பார்த்தோம்.